வெள்ளைப் பூ கரூர், செவப்புப் பூ மெட்ராஸ்

மொட்டையைத்தானே பாக்கறீங்க? பாருங்க தம்பி, தப்பில்லீங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுல இருந்து ஜன்னலை ஒருக்கா, எந்தலையை ஒருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க. ஊட்டுல ஏதாச்சும் துக்கமோன்னு கேக்கறதுக்குக் கூச்சப்படறீங்களாட்ட இருக்குது. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மீசை அப்பிடியே இருக்குது பாருங்க. இது சாமிக்கு அடிச்ச மொட்டை.

எதுக்குன்னு ஊருக்கெல்லாம் ஒரு காரணம் சொல்லி வச்சிருக்கறனுங்க. பொண்ணுக்கு டாக்டர் சீட்டுக் கெடச்சுது, வேண்டுதலைன்னு. கேட்டவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறாங்க. நெசமான காரணம் வேறங்க. அதைக் கட்டுன பொண்டாட்டி, எங்கூட்டம்மாகிட்டக்கூட நான் சொன்னதில்லை. உங்ககிட்டச் சொல்லலாம். நீங்க திருச்சியில எறங்கிக்குவீங்க, நான் கரூர் போயிருவேன், அப்பறம் நீங்க யாரோ நான் யாரோ. கடலை எடுத்துக்குங்க, இன்னும் நெம்பத் தூரம் இருக்குது.

நம்ம பேரு சென்னியப்பனுங்க. கரூர்ல தாலூக்கா ஆபீசுக்கு எதுத்தாப்புல 'கோபிகா ஜெராக்ஸ்'னு கேட்டீங்கன்னா யாரும் கை காட்டுவாங்க. கோபிகாங்கறது எம்பொண்ணுதான். அவ பொறந்த வருசம் கடை போட்டேன், அவ பேரையே வச்சேன். ஜெராக்ஸுங்கறது பேருக்குத்தானுங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாத்தறது, முதியோர் பென்சன், எதுவா இருந்தாலும் நம்ம கடைக்குத்தான் வரோணும். பெருமைக்குச் சொல்லலை, பதினெட்டு வருசத்துல நான் ரொப்பிக் குடுத்த ஃபாரம் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க. ஒண்ணுகூட.

வர்ற சனத்துக்கு ஒரே ஒரு எடத்துல மட்டும் சத்தம் போடுவேன். எல்லாத்தையும் சரியாக் கொண்டாருவாங்க, கடைசிக் கட்டத்தைக் காலியா உட்ருவாங்க. விண்ணப்பதாரர் கையொப்பம். "ஏம்ப்பா, உம்பட பேரு, உங்கப்பன் பேரு, சர்வே நம்பரு எல்லாத்தையும் நானே எழுதிக்குவேன். இந்த ஒரு கட்டம் மட்டும் எங்கையில இல்லை, நீயேதான் போடோணும்"னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே நோவும்.

சரி, மொட்டைக்கு வர்றேன்.

எம்பொண்ணு நெம்பப் படிப்பாளிங்க. நீட்டுல மொதத் தடவையே நல்ல மார்க்கு. ரேங்கைப் பாத்துப்போட்டுத் தாலூக்கா ஆபீஸ் ஹெட்கிளார்க்கே கடைக்கு வந்து கை குடுத்தாருங்க. "சென்னியப்பா, இந்த ரேங்குக்கு நீ எந்தக் காலேஜை வேணும்னாலும் கேக்கலாம்"னாரு. நான் எதைக் கேக்கறதுன்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டனுங்க. கரூர். எங்கூட்டுல இருந்து வண்டியில பதினேழு நிமிசம். சிக்னல்ல மாட்டுனா பத்தொம்பது. நான் நாலு தடவை ஓட்டிப் பாத்தேன்.

சிரிக்காதீங்க தம்பி. நான் எனக்காகச் சொல்லலை, அந்தப் புள்ளைக்காகத்தான். ஊட்டுச் சோறு. ஊட்டுத் தண்ணி. பரீட்சை நேரத்துல காச்சல் வந்தா ரசம் வெச்சுக் குடுக்க ஆளு இருக்கோணுமில்ல? ஒண்ணாப்புல இருந்து பன்னண்டாப்பு வரைக்கும் அவளை எக்ஸெல் வண்டியில பின்னால உக்கார வெச்சு நான்தான் கொண்டுபோய் உடறது. மொதல்ல முன்னால நின்னுக்கிட்டு வந்தா, அப்பறம் பின்னால உக்காந்தா, அப்பறம் எந்தோளுக்கு மேல தல தெரிஞ்சுது. அந்தப் புள்ளை பஸ்ஸுல எல்லாம் ஏறிப் பழக்கமே இல்லீங்க. சாயங்காலம் கடைக்கு வருவா, ரண்டு பேரும் ஆளுக்கொரு வடை தின்னுக்கிட்டு உக்காந்து ஃபாரம் ரொப்புவோம். எனக்கென்னங்க, நான் எப்பிடியும் இருந்துக்குவேன். அவதான் ஏங்கிப் போயிருவா.

அதனால ரிசல்ட்டு வந்த அன்னைக்கே மாடி ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டேன். பெரிய மேசை ஒண்ணு, புஸ்தகம் வெக்கப் பலகை நாலு, ஆசாரியைக் கூட்டியாந்து அடிச்சாச்சு. அஞ்சரை வருசப் படிப்பில்லீங்களா. ரூமை ஒழிக்கறப்ப அவ பழைய நோட்டு ஒண்ணு கெடச்சுது, ஒம்பதாப்பு நோட்டு. பின்னட்டை பூராவும் மெட்ராஸ்ல இருக்கற அந்தப் பழைய மெடிக்கல் காலேஜ் பேரை இங்கிலீசுல எழுதி எழுதி வெச்சிருக்குது. கையெழுத்துப் பழகியிருக்கறாளாட்ட இருக்குதுன்னு எடுத்துப் பத்திரப்படுத்துனேன். எழுத்து முத்து முத்தா இருக்குமுங்க அவளுக்கு.

இப்ப, கவுன்சிலிங்னு ரண்டு இருக்குது தம்பி. இந்தியா பூராவுக்கும் பொதுவா ஒண்ணு, நம்ம மாநிலத்துக்கு ஒண்ணு. ரண்டுலயும் கம்ப்யூட்டர்ல காலேஜ் பேரை வரிசையாப் போட்டு லாக் பண்ணோணும். ஒரு தடவை லாக் பண்ணிட்டா மாத்த முடியாது. நம்ம தொழிலே அதுதானே? நானே உக்காந்தேன். மொதல்ல இந்தியாப் பட்டியல். ஒண்ணு கரூர், ரண்டு நாமக்கல், மூணு திண்டுக்கல், நாலு திருச்சி. மெட்ராஸை ஒப்புக்கு ஒம்பதாவதாப் போட்டேன். லாக் பண்ணப் போற நேரத்துல, "அப்பா, நான் ஒருக்காச் சரி பாத்து லாக் பண்ணிடறேன், நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க, காத்தால இருந்து ஒண்ணும் குடிக்கலை"ன்னு சொன்னாளுங்க. அப்பனோட வகுறு வாடறது அவளுக்குத்தான் தெரியும். போயி டீ குடிச்சுட்டு வந்தேன், லாக் ஆயிருந்துச்சு. ரண்டு நாள் கழிச்சு மாநிலப் பட்டியல் போட்டப்ப நான் டீக்கே போகலை, நானே லாக் பண்ணுனேன்.

ரிசல்ட்டு வந்துச்சு. மாநிலத்துல கரூர். இந்தியாவுல பாத்தா மெட்ராஸ்!

எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. ஒண்ணாவதாப் போட்ட கரூரை உட்டுட்டு ஒம்பதாவது மெட்ராஸ் எப்பிடிங்க வரும்? அப்பறம் யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தியா பூராவும் இருந்து கரூருக்கு அவ்வளவு போட்டி இருந்திருக்குது! டெல்லிக்காரன், பம்பாய்க்காரன் எல்லாம் கரூரைப் புடிச்சுட்டான். கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னேன், "நம்மூர் காலேஜுக்கு இருக்கற கிராக்கி உங்களுக்குத் தெரியாது, மெட்ராஸே அதுக்கப்பறந்தான்"னு. ஹெட்கிளார்க்கு மட்டும் என்னமோ என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டுப் போனாரு.

ஆக ரண்டு சீட்டு கையில. மூணே நாள் தவணை. ஒண்ணுல சேந்தா இன்னொண்ணு போயிரும். எனக்குக் கேள்வியே இல்லை, கரூர்தான். ஆனாப் பாருங்க, ஊரு உடமாட்டேங்குது. டீக்கடைக்காரரு கிளாஸைக் கழுவிக்கிட்டே, "மெட்ராஸை உட்டுட்டா? உனக்கென்ன கிறுக்கா?"ங்கறாரு. அன்னைக்கு ராத்திரி சோத்துல உக்காந்தப்ப நான் பொண்ணுகிட்டச் சொன்னேன், "கண்ணு, ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க. நம்மளுக்குக் கரூர்தான் தோது. மாடி ரூமுல மேசை போட்டாச்சு"ன்னு. அவ தட்டைப் பாத்துக்கிட்டே, "நீங்க சொன்னாச் சரிதானுங்கப்பா"ன்னா. அவ்வளவு அடக்கம். இந்தக் காலத்துல எந்தப் புள்ளைங்க அப்பிடிச் சொல்லும்?

அப்பத்தான் எங்கூட்டம்மா வாயைத் தொறந்தா. சாந்தாமணின்னு பேரு. அவ நெம்ப வெகுளிங்க. சூதுவாது ஒண்ணும் தெரியாது. செல்போன்ல பச்சையை அமுக்குவா, செவப்பை அமுக்குவா, அதுக்கு மேல போகமாட்டா. அவ சொல்றா, "ஏனுங்க, இது பெரிய விசயமாட்ட இருக்குது. நம்ம முடிவு பண்ணி நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? செல்லாண்டியம்மன்கிட்டப் பூக்கட்டிப் பாத்துரலாம். வெள்ளைப் பூ வந்தா கரூர், செவப்புப் பூ வந்தா மெட்ராஸ்."

பூக்கட்டிப் பாக்கறது உங்க பக்கம் உண்டில்லீங்களா? வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், செவப்புப் பூவை ஒரு பொட்டலம், அம்மன் காலடியில வெச்சுக் கும்புட்டுட்டு, ஒண்ணும் தெரியாத கொழந்தையை உட்டு ஒண்ணை எடுக்கச் சொல்றது. எது வருதோ அது அம்மன் வாக்கு. அப்பீல் கெடையாது.

குலதெய்வம்னு சொன்ன பின்னால நான் மாட்டேங்க முடியுமா? சரின்னுட்டேன். ஆனா ராத்திரி பூராவும் பொரண்டு பொரண்டு படுத்தனுங்க. அம்மன் மேல நம்பிக்கை இல்லாம இல்லை. இருந்தாலும் பாதிக்குப் பாதி. செவப்பு வந்துட்டா? அந்த மேசை? அந்தப் பதினேழு நிமிசம்? அம்மனுக்கு ஆயிரம் சோலி, கவனப்பிசகா ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?

அதனால விடிஞ்சதும், "பொட்டலம் நானே மடிக்கறேன், நமக்குத்தான் கை பழக்கம்"னு பூவை வாங்கிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டேன்.

அங்கதானுங்க நான் அந்தப் பாவத்தைப் பண்ணுனேன்.

ரண்டு பொட்டலத்துலயும் வெள்ளை அரளியே வெச்சுட்டேன். ஆமாங்க. வீணாப்போன ஜெராக்ஸ் பேப்பர்ல, நாலு மூலையும் உள்ள சொருகி, கச்சிதமா மடிச்சேன். செவப்பு அரளி நாலு பூ மிச்சமிருந்துச்சு. குப்பையில போட்டா யாராச்சும் பாத்துருவாங்கன்னு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அம்மனை ஏமாத்தோணும்னு இல்லீங்க. ஃபாரத்துல ஒரு கட்டத்தை அவங்களுக்குப் பதிலா நானே ரொப்பிக் குடுக்கற மாதிரிதான்.

ஊட்டுக்கு வந்தா, "இந்த அழுக்குச் சட்டையிலயா கோயலுக்கு வருவீங்க? கழட்டுங்க"ன்னா எங்கூட்டம்மா. பொட்டலம் ரண்டையும் அவ தட்டுல தேங்காய் பழத்தோட வெச்சுட்டு, சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டேன். ஆட்டோ புடிச்சு மூணு பேரும் போனோம். தட்டை மடியில வெச்சு, முந்தானையால மூடிக்கிட்டு, வழியெல்லாம் அவ வாய்க்குள்ளயே சாமி கும்புட்டுக்கிட்டு வந்தா. பொண்ணு வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டு வந்தா. எனக்கு ஒரு கவலையும் இல்லை. பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

இந்தா, மோட்டல்ல நிறுத்திட்டான். எறங்கோணுமா? நீங்களும் எறங்கலையா? நல்லதாப் போச்சு. முக்கியமான எடம் இனிமேலத்தான் வருது.

கோயல்ல பூசை முடிஞ்சு பொட்டலத்தை அம்மன் காலடியில வெச்சாச்சு, வெளக்கு வெளிச்சத்துல நான் அதை உத்துப் பாக்கலை. காது குத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பத்துல மூணு வயசுப் பொட்டப்புள்ளை ஒண்ணு பலூனைப் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சுது. "சாமி, இதுல ஒண்ணை எடுத்து இந்த அத்தைகிட்டக் குடுடா"ன்னேன். ரண்டையும் பாத்துச்சு, ஒண்ணை எடுத்துச்சு. எங்கூட்டம்மா கையில குடுத்துச்சு. அவ பிரிக்கறா.

செவப்புங்க.

செக்கச் செவேல்னு செவப்பு அரளி!

நான் வெச்சது ரண்டும் வெள்ளை! எங்கையால வெச்சது! எப்பிடிங்க செவப்பாகும்? அதுமட்டுமில்லை தம்பி. அந்தப் பேப்பரைப் பாத்தேன். நான் மடிச்சது ஜெராக்ஸ் பேப்பரு. அவ கையில இருக்கறது தினசரிக் காலண்டர் தாளு! எங்கூட்டுல சாமி படம் போட்ட காலண்டர் மாட்டியிருக்குது, எங்கூட்டம்மா அந்தத் தாளையெல்லாம் வீசாம எடுத்து வெச்சு ஏலக்காய், பெருங்காயம்னு மடிச்சுக்குவா. அதே தாளு. ராகுகாலம் எமகண்டம் எல்லாம் போட்டிருக்குது. அம்மன் பூவை மட்டும் மாத்தலீங்க, பேப்பரையே மாத்திருச்சு!

இன்னொரு பொட்டலத்தைப் பாக்கலாம்னு கையை நீட்டுனேன். அதுக்குள்ள எங்கூட்டம்மா அதை எடுத்துப் பூத்தண்ணியோட சேத்துக் கோயலுக்குப் பின்னால ஓடற அமராவதி ஆத்துல போட்டுட்டா. "வாக்கு வந்த பின்னால மத்ததைப் பிரிச்சுப் பாக்கக்கூடாதுங்க, தெய்வக் குத்தம் ஆயிரும்"ங்கறா. பாருங்க, அவளுக்கு எவ்வளவு பக்தின்னு.

ஊட்டுக்கு ஓடியாந்து பழைய சட்டையை எடுத்துப் பையில கையை உட்டுப் பாக்கறேன். நான் போட்டு வெச்ச செவப்புப் பூ நாலும் இல்லை! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க. எங்கூட்டுக் கொடியில தொங்கற சட்டைப் பையில இருந்த பூவை எடுத்து, கோயல்ல இருக்கற பொட்டலத்துல வெச்சிருக்குது. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன சாட்சிங்க வேணும்? "சென்னியப்பா, எங்கிட்டயேவா?"ன்னு அம்மன் காதுல வந்து கேட்டாப்புல இருந்துச்சு.

மறுநாளே மெட்ராஸ்ல சேத்தறதுக்கு எல்லாம் பண்ணிட்டேன். அதுக்கு அடுத்த நாளு யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம அதே கோயலுக்குப் போயி மொட்டை போட்டுக்கிட்டேன். "தாயே, தெரியாத்தனமாப் பண்ணிட்டேன், எம்புள்ளை மேல கோவத்தைக் காட்டிராதே"ன்னு உளுந்து கும்புட்டேன். ஊட்டுக்கு வந்தா எங்கூட்டம்மா வாசல்ல நின்னு பாத்தா. ஒண்ணுமே கேக்கலை. உள்ள போயி சந்தனம் கரைச்சுக்கிட்டு வந்து அவளே தலையில தடவி உட்டா. கை நடுங்குச்சு. முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டா. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. பக்திப் பரவசம்.

முந்தாநாள் கெளம்புனோம். "நான் வந்தா அழுதுருவேன், நீங்களே கொண்டுபோய் உட்டுட்டு வாங்க"ன்னா சாந்தாமணி. அதனால நானும் பொண்ணும் மட்டும். மெட்ராஸ்ல எறங்குனா, அந்தப் புள்ளை நேரா நடக்குதுங்க! எந்தப் பஸ்ஸு, எந்த ஸ்டாப்பு, எந்தக் கேட்டுன்னு எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்குது. பொட்டியைத் தூக்கிக்கிட்டு நான் பின்னால ஓடறேன். "எப்பிடிக் கண்ணு?"ன்னா, "மேப்புல பாத்தேன்பா"ங்கறா. ஒரே நாள்ல மேப்பைப் பாத்து அத்தனையும் மனப்பாடம் பண்ணியிருக்கறா, என்ன மூளை பாருங்க!

ஆஸ்பத்திரி வராந்தாவுல போறப்ப மட்டும் ஒரு நிமிசம் நின்னுட்டா. சனம்னா சனம் தம்பி, தேர்த் திருவிழாவாட்ட. ஸ்ட்ரெச்சர் போவுது, கொழந்தை அழுவுது, ஒரு வயசாளி சுவரைப் புடிச்சுக்கிட்டு நடக்கறாரு. அவ அதையெல்லாம் பாத்துக்கிட்டே, "எத்தனை பேரு வர்றாங்க பாருங்கப்பா"ன்னா. மொகமெல்லாம் செவந்துபோயி, கண்ணு பளபளன்னு. பயந்துட்டாளாட்ட இருக்குதுன்னு நான் முதுகுல தட்டிக் குடுத்தேன்.

ஹாஸ்டல் வாசல்ல, "போயிட்டு வாங்கப்பா"ன்னு சொல்லிட்டு உள்ள போனா. போனவ திரும்பி ஓடியாந்தா. எம்மொட்டையை ஒருக்காத் தடவிப் பாத்துட்டு, "சீக்கிரம் மொளைச்சுரும்பா"ன்னு சொல்லி ஓன்னு அழுதுட்டா. நானும் அழுதனுங்க. அங்க நின்ன வாச்மேன் எனக்குத் தண்ணி குடுத்தாரு.

ம்... நான் பொய் சொல்லுவானேன். ஏங்கிப் போறது அவ இல்லீங்க, நான்தான். நாளைக்குச் சாயங்காலம் கடையில ரண்டு வடை வாங்கறதா ஒண்ணு வாங்கறதான்னு இப்பவே யோசனை ஓடுது. அந்த மேசையை மாடியில இருந்து எறக்க எனக்கு மனசு வராது. ஆனா அம்மன் வாக்குன்னு ஒண்ணு வந்துருச்சு. அது மட்டும் வரலைன்னா நான் உட்டிருக்கவே மாட்டேன். அவ்வளவுதான் கதை.

சொல்லுங்க தம்பி. என்னமோ கேக்கோணும்னு இருக்கறீங்களாட்ட. கேளுங்க.

தட்டா? பூத்தட்டு யாரு கையில இருந்துச்சுன்னா கேக்கறீங்க?

எங்கூட்டம்மா கையிலதான். சொன்னனே, மடியில வெச்சு, முந்தானையால மூடிக்கிட்டு...

கோயலுக்குப் போற வரைக்கும் அவ கையிலதான். நான் குளிக்கப் போனப்பவும் அவகிட்டத்தான். சட்டையும் அவதான் வாங்கி...

காலண்டர் தாளு.

அட.

அட அட அட! தம்பி! இருங்க, சித்த இருங்க. பெருங்காயம் மடிக்கற தாளு! சட்டைப் பையில இருந்த பூ! இன்னொண்ணை ஆத்துல போட்டாளே, அதுவும் செவப்பாத்தான் இருந்திருக்கும்! அவ பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்திருக்கறா. பாத்தா ரண்டும் வெள்ளை. என்ற திருட்டுத்தனம் அவளுக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒரு வார்த்தை கேக்கலை. அப்ப நான் மொட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னப்ப, சந்தனம் தடவுனாளே, கை நடுங்குச்சே, வாயைப் பொத்திக்கிட்டாளே, அது பரவசமா? சிரிப்புங்க! சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னிருக்கறா! நான் போட்ட மொட்டை அம்மனுக்கில்லை, சாந்தாமணிக்கு!

நல்லாச் சிரிங்க தம்பி. எனக்கே சிரிப்பு வருது, நீங்க என்ன பண்ணுவீங்க. முன் சீட்டு அம்மா வேற திரும்பிப் பாக்கறாங்க.

இருங்க. அந்த டீ. "போயி டீ குடிச்சுட்டு வாங்கப்பா." நான் அந்தப் பக்கம் போனதும் மெட்ராஸை ஒண்ணாவதா மாத்திப்போட்டு லாக் பண்ணியிருக்கறா! இந்தியாவே கரூருக்கு அடிச்சுக்குதுன்னு ஊர் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே... ஹெட்கிளார்க்கு என்ன நெனச்சிருப்பாரு! ஆக, தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம். வெகுளின்னு சொன்னனே, அது நான்தானுங்க.

ஒரு நிமிசம் தம்பி. பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக்கறேன்.

...கண்ணு? அப்பாதான். பஸ்ஸுலதான் இருக்கறேன். சாப்டியா? என்ன போட்டாங்க? சரி சரி. கண்ணு, ஒண்ணு கேக்கறேன். உனக்கு எந்தக் காலேஜ் புடிக்கும்னு அப்பா கேக்கவே இல்லையே கண்ணு. இல்லை இல்லை, கோவமில்லை. டீயும் தெரியும், பூவும் தெரியும். சும்மா சொல்லு. நான் அப்பவே நேரா உன்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?

...

சரி கண்ணு. சரி. அழுவாதே. அப்பாவும் அழுவலை. நல்லாப் படி. வெக்கறேன்.

என்ன சொன்னான்னா கேக்கறீங்க? "நீங்க கேட்டிருந்தா உங்க மொகத்தைப் பாத்துட்டுக் கரூர்னுதான் சொல்லியிருப்பேன்பா. அதனாலதான் அம்மா, 'அவரு உன்னைக் கேக்கறதுக்குள்ள நம்ம சாமிகிட்டப் போயிரலாம்'னா"ங்கறா.

பாத்தீங்களா தம்பி. நான் கேட்டிருந்தாக்கூட அவ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பா. நான் ரொப்புன ஃபாரத்துல. பதினெட்டு வருசமா அந்தக் கடைசிக் கட்டத்துக்காக ஊரு சனத்தையெல்லாம் வைதுக்கிட்டு உக்காந்திருக்கறனுங்க. எங்கூட்டுல எம்பொண்ணோட கட்டத்தை வேற யாரும் தொடாம காப்பாத்துனது சாந்தாமணி. பச்சையும் செவப்பும் அமுக்கத் தெரிஞ்சவ.

திருச்சி வந்துருச்சு. உங்க பை மேல இருக்குது, பாத்து எடுங்க. கடலையை வெச்சுக்குங்க. இருங்க, போன் அடிக்குது. அவதான். சித்த நில்லுங்க, பேசிட்டு உங்களுக்கு வழி உடறேன்.

...ம், சொல்லு சாந்தாமணி. திருச்சி வந்தாச்சு. சாப்டேன். புள்ளை நல்லாருக்கறா. எல்லாம் அம்மன் புண்ணியத்துல நல்லபடியா முடிஞ்சுது. ஆமா, அம்மன் புண்ணியந்தான். வந்ததும் இன்னொருக்காச் சந்தனம் கரைச்சு வையி. தலை எரியுது.

பாத்தீங்களா தம்பி? எந்த அம்மன்னு அவளும் கேக்கலை, நானும் சொல்லலை. போயிட்டு வாங்க.